போதும் என்னும் அளவு எது?



சைக்கிளைப் பற்றி நம் சங்கத்து ஏட்டில் எழுத என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். வாடகை, வேலையாள் பற்றாக்குறை, சரக்கு விலை என்று எழுதத்தக்க விஷயங்கள் எத்தனையோ இருக்க, ஒரு மளிகைக் கடைக்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாரே என்று நகைக்கவும் கூடும். அவர்கள் சற்றுப் பொறுத்து வாசிக்குமாறு வேண்டுகிறோம். மனிதனுக்கு எவ்வளவு பாதுகாப்பு வேண்டும்? கஷ்டமே தெரியாமல் இருக்க வழியிருக்கும்போது, கொஞ்சம் கஷ்டம் தெரியட்டும் என்று இருப்பது அறிவா, அறியாமையா? நம் பிள்ளைகளுக்கு நாம் எதுவரை தாங்கலாக நிற்பது? இக்கேள்விகள் நம் மனத்தை வெகுநாளாக அரித்துக்கொண்டிருந்தன. அவற்றுக்கு ஒரு வழி காட்டியது சைக்கிள்தான். ஆகவே சைக்கிளிலிருந்தே தொடங்குகிறோம்.

நாம் பெரிய படிப்புப் படித்தவரல்லர். மதரஸாவில் ஓதியதும் ஆரம்பப் பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படித்ததுமே நம் கல்வி. மற்றதெல்லாம் கல்லாவில் உட்கார்ந்து கற்றது. பிழையிருந்தால் அறிந்தோர் பொறுத்தருள்க.

ஞாயிற்றுக்கிழமைகளில் சுபுஹுத் தொழுதுவிட்டு ஈப்போ வீதிக்கு வந்தால், கார்களின் பின்னால் சைக்கிளைக் கட்டிக்கொண்டு கூட்டங்கூட்டமாகப் போகிறவர்களைக் காணலாம். சீனர், மலாய்க்காரர், நம்மவர் என்று எல்லா இனத்தாரும் உண்டு. சிலர் மெங்லெம்பு அருகேயுள்ள கிளேடாங் மலைக்குப் போகிறார்கள். அது சுமார் 800 மீட்டர் உயரம். வேறு சிலர் பத்து காஜா, கோப்பேங் பக்கங்களில் இன்னும் மிஞ்சியிருக்கும் பழைய ரப்பர்த் தோட்டத்து மண்பாதைகளுக்குப் போகிறார்கள். இவர்கள் ஓட்டுவது சாதாரணச் சைக்கிளன்று; மலைச் சைக்கிள் என்னும் ஒரு வகை.

இதில் முன்சக்கரத்துக்கு ஒரு தாங்கியும், விலை உயர்ந்தவற்றில் பின்சக்கரத்துக்கு ஒரு தாங்கியும் இருக்கும். உள்ளே காற்றும் எண்ணெயும் அடைத்திருப்பார்கள். சக்கரம் கல்லிலோ வேரிலோ மோதினால் தாங்கி அமுங்கிச் சக்கரம் மேலே எழ இடங்கொடுக்கும். ஓட்டுகிறவனுக்கு அடி விழாது. எவ்வளவு தூரம் எழ இடங்கொடுக்கும் என்பதை மில்லிமீட்டர் கணக்கில் சொல்வார்கள். இலேசான பந்தயச் சைக்கிளில் அது 100 முதல் 120. நடுத்தரமானவற்றில் 130 முதல் 150. செங்குத்து மலையில் இறங்குவதற்கான பெரிய சைக்கிள்களில் 160, 170, 180. இறக்கப் பந்தயத்துக்கு மட்டுமே உரியவற்றில் 200. தாங்கி நீள நீளச் சட்டமும் கனக்கும். இலேசானது 10 முதல் 12 கிலோ இருந்தால், பெரியது 15, 16 கிலோ, சில அதற்கு மேலும் இருக்கும்.

பல வருஷங்களாக எல்லோர் ஆசையும் பெரியதன் மேலேயே இருந்தது. 140 வைத்திருந்தவர் 160 வாங்கினார். 160 வைத்திருந்தவர் 170 வாங்கினார். இப்போது சில ஆண்டுகளாகக் காற்று திரும்பியிருக்கிறது. குறைந்த தாங்கியுள்ள இலேசான சைக்கிளையே பலரும் தேடுகிறார்கள். பெரியதை விற்றுச் சிறியதை வாங்குகிறார்கள். இது நம் ஊரில் மட்டுமன்று, உலகமெங்கும் நடக்கிறது. வியாபாரியாகிய நமக்கு இது விந்தையாகப்பட்டது. அதிகம் கிடைக்கும்போது மனிதன் குறைவைத் தேடிப் போவதை நாம் கல்லாவில் அதிகம் கண்டதில்லை. ஆகவே விசாரித்தோம், கொஞ்சம் தேடியும் படித்தோம்.

இந்த விளையாட்டே ஒன்றுமில்லாமையிலிருந்து பிறந்தது. 1970-களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் தமால்பைஸ் என்னும் மலையருகே சில வாலிபர்கள் பழைய கனத்த சைக்கிள்களில் மண்பாதையில் இறங்கி விளையாடினார்கள். 1976-இல் அங்கே ஒரு பந்தயமே வைத்தார்கள். அந்தச் சைக்கிள்களில் தாங்கி என்று எதுவும் கிடையாது. இறங்கி முடிப்பதற்குள் பின்சக்கரத்து பிரேக்கின் கிரீஸ் வெந்து புகைந்துவிடுமாம். மறுபடி கிரீஸ் வைத்துத்தான் அடுத்த முறை ஓட்ட வேண்டும். 1981-இல் இதற்கென்றே செய்த சைக்கிள் தொழிற்சாலையிலிருந்து பெருமளவில் கடைக்கு வந்தது. 1989-இல் முன்சக்கரத் தாங்கி விற்பனைக்கு வந்தபோது அதன் அளவு வெறும் 50 மில்லிமீட்டர் போல. 1996-இல் அத்லாந்தா ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிளும் ஒரு போட்டியாகச் சேர்ந்தது. அதன் பிறகு தாங்கி வளர்ந்துகொண்டே போயிற்று.

அப்படியானால் இப்போது ஏன் திரும்புகிறார்கள்? சைக்கிளின் மற்ற அங்கங்கள் நேராகிவிட்டன என்பதே காரணம். முன்கவையை முன்னைவிடச் சாய்த்து வைக்கிறார்கள். ஆகவே இறக்கத்தில் தலைகுப்புற விழும் பயம் குறைந்தது. சக்கரம் 29 அங்குலமாகப் பெரிதாயிற்று. அது சிறு பள்ளங்களைத் தானே கடந்துவிடுகிறது. டயர் அகலமாயிற்று. ஓடும்போதே ஆசனத்தைத் தாழ்த்திக்கொள்ளும் பொறியும் வந்துவிட்டது. இவையெல்லாம் சரியாக அமைந்தபின், முன்பு 150 செய்த வேலையின் பெரும்பகுதியை இப்போது 120 செய்துவிடுகிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பாறைகளில் குதித்து இறங்கிய வீரர்களும் பெரும்பாலும் இந்த அளவுச் சைக்கிள்களில்தான் ஓட்டினார்கள். மற்றவை சீராக இல்லாத இடத்தில்தான் மெத்தை அதிகம் வேண்டியிருக்கிறது. இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் திரும்பி வருவோம்.

நிற்க. நம் சொந்தக் கதையை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

2020 மார்ச் 18-இல் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியதை யாரும் மறந்திருக்க முடியாது. அதற்குப்பின் உலகமெங்கும் சைக்கிளுக்கு ஏற்பட்ட கிராக்கியும் தெரிந்ததே. கடைகளில் சைக்கிள் இல்லை. வந்தால் வந்த விலை. 2021-இல் நமக்குச் சர்க்கரை நோய் வரும்போல் இருக்கிறது, உடம்பை அசையுங்கள் என்று டாக்டர் சொன்னார். நாம் அசைந்த அசைவு, நேரே போய் 160 மில்லிமீட்டர் தாங்கியுள்ள பெரிய சைக்கிளை வாங்கியதுதான். பக்கத்துக் கடைத் தோழர் 150 வைத்திருந்தார் என்பதைத் தவிர வேறு காரணம் சொல்வதற்கில்லை. ஒரு நல்ல பழைய மோட்டார் சைக்கிளின் விலையைக் கொடுத்தோம்.

ஓட்டிய இடமோ பத்து காஜாப் பக்கத்து மண்பாதை. சமதரை, இடையிடையே வேர், மழைநீர் அறுத்த சிறு ஓடை, அவ்வளவே. அந்த இடத்துக்கு நம் சைக்கிள், நாலு பிடி அரிசி அளக்க லாரி கொண்டுபோனது போல் இருந்தது. ஏற்றத்தில் மூச்சு வாங்கும். மிதித்தால் பாதிச் சக்தி தாங்கி அமுங்குவதிலேயே போவதுபோல் தோன்றும். மூன்று மாதத்தில் அது கடையின் பின்கட்டில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே ஓய்வெடுத்துக்கொண்டது.

அங்கேதான் ஒருநாள் அதை ஒரு பெரியவர் பார்த்தார். ஒரு தோட்டத்தில் முப்பது வருஷம் பால்மரம் வெட்டியவர்; இப்போது பேரப்பிள்ளைகளுடன் ஈப்போவில் இருக்கிறார். நம் தகப்பனார் காலத்திலிருந்து வாடிக்கை. சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஏன் பாய், இதுல பால் தோம்பு கட்ட இடமே இல்லியே?"

சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. தாம் இருட்டோடு பிரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு, நிரையில் மரங்களை வெட்டி, பிறகு பாலைச் சேர்த்து, இரும்புச் சைக்கிளின் பின்னால் தோம்பைக் கட்டிக்கொண்டு இதே மாதிரிச் செம்மண் சரிவில் ஸ்டோருக்கு இறங்கியதைச் சொன்னார். தாங்கியுமில்லை, ஒன்றுமில்லை. பால் தளும்பி ஊற்றினால் கூலியில் போய்விடும். ஆகவே எந்த வேரில் ஏறக்கூடாது, எந்தக் கல்லுக்கு வலப்பக்கம் போகவேண்டும் என்பதெல்லாம் மனப்பாடம். "பாதை எனக்குத் தெரியும் பாய், பாதைக்கும் என்னைத் தெரியும்" என்றார்.

இதைக் கேட்டவுடனே, பார்த்தீர்களா, குறைவே நிறைவு, அக்காலத்தார் எவ்வளவு திறமைசாலிகள் என்று முடித்துவிடலாம். அப்படி முடிப்பது எளிது, ஆனால் நியாயமன்று. அந்தப் பெரியவர் தாங்கியில்லாச் சைக்கிளை விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை. அவருக்கு வேறு கதியில்லை. அவருடைய முதுகெலும்பு இன்று படும் பாட்டை நாம் அறிவோம். 1877-இல் கோலகங்சாரில் நட்ட ஒன்பது ரப்பர்க் கன்றுகளில் ஒன்று இன்றும் மரமாக நிற்கிறது. பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப்போய்க் காட்டுகிறார்கள். அந்த ரப்பர் பிறகு உலகத்துச் சக்கரங்களுக்கெல்லாம் மெத்தை போட்டது. அதை வெட்டிக் கொடுத்தவனுக்கு மட்டும் மெத்தை கிடைக்கவில்லை. 1950-களில் வெள்ளைக்காரத் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது எத்தனையோ குடும்பங்கள் லயத்தைவிட்டு வெளியேற நேர்ந்தது. அந்த அடியைத் தாங்கத்தான் நம் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் அவர்கள் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளரிடம் சிறுசிறு தொகையாகச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கினார். அது ஏழைகள் தாமே செய்துகொண்ட தாங்கி. பின்னால் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடுகள் வந்தன. இன்று நாம் பொழுதுபோக்காக ஓட்டும் பாதை ஒருவர் பிழைப்புக்காகத் தேய்த்த பாதை. தேர்ந்தெடுத்த குறைவு வேறு, திணிக்கப்பட்ட குறைவு வேறு. முன்னதை மெச்சும்போது பின்னதை நியாயப்படுத்திவிடக்கூடாது.

அப்படியானால் அதிகமே நல்லதா? அதற்கும் அதே பாதையில் ஒரு சாட்சி நிற்கிறது. பத்து காஜா அருகே கெல்லி மாளிகையைக் காணாதவர் நம்மில் இருக்கமாட்டார்கள். வில்லியம் கெல்லி ஸ்மித் என்னும் ஸ்காட்லாந்துக்காரர், கிந்தா கெல்லாஸ் ரப்பர்த் தோட்டத்தின் முதலாளி, 1915 வாக்கில் அதைக் கட்டத் தொடங்கினார். இருந்த வீடு போதவில்லை. தூக்குப் பொறி வைத்த கோபுரம் வேண்டும் என்று திட்டம். கட்டியவர்கள் நம் தமிழ் மக்கள். 1926-இல் அவர் வெளிநாட்டில் காலமானார். மாளிகை முடியாமலே நின்றுவிட்டது. இன்று சுற்றுலா வருகிறவர்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு கூரையில்லா அறைகளைப் பார்க்கிறார்கள். பாவம், அந்த மனிதரை நாம் பழிக்க வரவில்லை. எவ்வளவு போதும் என்று அவர் எந்த அளவுகோலைக் கொண்டு முடிவு செய்தார் என்பதே நம் கேள்வி. நாம் 160 வாங்கிய அளவுகோலும் அதுவேயல்லவா?

இனி, இலேசே சிறந்தது என்று கொடி பிடிப்பவர்களுக்கும் சில வார்த்தை சொல்ல வேண்டும்.

முதலாவது, இலேசான சைக்கிள் மலிவானதன்று. கரி இழையால் செய்த சட்டம். ஒரு கிலோ குறைய ஆயிரம் ஆயிரமாக வெள்ளி ஏறும். கணக்குப் பார்ப்போம். ஆள் 75 கிலோ, சைக்கிள் 15 கிலோ, சேர்ந்து 90. சைக்கிள் 11 கிலோவானால் 86. ஏற்றத்தில் மிச்சமாவது நூற்றுக்கு நாலரை போல. அதே நாலு கிலோவை நம் வயிற்றிலிருந்து இறக்கினால் செலவு ஒரு காசுமில்லை. இராத்திரி ரொட்டி சானாயைக் குறைத்தால் போதும். ஆகவே குறைவை வாங்குவதும் ஒரு பெருமையாக முடியலாம். எளிமையைக் காட்டுவதற்காகப் பட்டுத் துணியில் கிழிசல் தைத்தவன் கதைதான் அது.

இரண்டாவது, இலேசு என்பது தன்னளவில் நன்மையன்று. 1941 டிசம்பர் கடைசியில் ஈப்போவைப் பிடித்த ஜப்பானியப் படை சைக்கிளில் வந்த படை. தோட்டத்துப் பாதைகளில் இலேசாகப் புகுந்து வந்தார்கள். டயர் வெடித்தால் வெறும் இரும்பு வளையத்திலேயே ஓட்டினார்கள். அந்த இலேசு யாருக்கு என்ன செய்தது என்பதை நம் பாட்டனார்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

மூன்றாவது, கிளேடாங் மலையின் செங்குத்தான பாறைச் சரிவில் வேகமாக இறங்குகிறவனுக்கு 160 ஆடம்பரமன்று, அவசியம். அவனிடம் போய் 120 போதும் என்று உபதேசித்தால், விழுந்து கை முறிந்தபின் நம்மையல்லவா கேட்பான்?

இதே விஷயத்தைக் கடையில் வைத்துப் பார்ப்போம். 1985 அக்டோபரில் லண்டன் உலோகச் சந்தையில் ஈய வியாபாரம் நின்றுபோயிற்று. விலை ஏறக்குறையப் பாதியாக விழுந்தது. கிந்தாப் பள்ளத்தாக்கில் ஈயலம்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. நாம் அப்போது சிறு பிள்ளை. கடையில் 555 நோட்டுப் புத்தகங்கள் அடுக்கடுக்காக ஏறியதும், யாரும் காசு கட்ட வராததும் நினைவிருக்கிறது. எதிர் வரிசையில் கடன் வாங்கிக் கடையைப் பெரிதாக்கியிருந்த இரண்டு பேர் ஒரே வருஷத்தில் மூடிவிட்டார்கள். நம் தகப்பனார் ஆறு மாத வாடகையை எப்போதும் தனியே எடுத்து வைப்பவர். "நல்ல நாளில் எடுக்காதே, கெட்ட நாளில் கேட்காதே" என்பார். அந்தப் பணம் முழுவதும் கரைந்தது, கடை நின்றது. தாங்கியே வேண்டாம் என்று சொல்கிறவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

மாறாக, 2021-இல் சைக்கிள் கிராக்கியைக் கண்டு உலகத்துப் பெரிய பெரிய கம்பெனிகளெல்லாம் கடனுக்குச் சரக்குக் குவித்தன. 2023-க்குள் கிராக்கி அடங்கிற்று. விற்காத சைக்கிள் மலைபோல் நின்றது. இங்கிலாந்தின் மிகப் பெரிய சைக்கிள் விற்பனை ஸ்தாபனங்களில் ஒன்று அந்த வருஷமே நொடித்துப்போயிற்று. சுலபமாய்க் கிடைத்த கடன் தரையின் மேடு பள்ளம் அவர்களுக்குத் தெரியாமல் செய்துவிட்டது.

குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து. நம் மார்க்கத்தில் இஸ்ராஃபும் விலக்கு, கருமித்தனமும் விலக்கு என்று மதரஸாவில் ஓதியிருக்கிறோம். நடுவே நிற்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். நடு எங்கே இருக்கிறது என்பதுதான் தெரிவதில்லை. அதை நமக்குக் காட்டியது ஒரு சிறு ரப்பர் வளையம்.

முன்தாங்கியின் வழவழப்பான குழாயில் மோதிரம்போல் ஒரு ரப்பர் வளையம் மாட்டியிருக்கும். தாங்கி அமுங்கும்போது அது வளையத்தை மேலே தள்ளும். தாங்கி திரும்பி எழுந்தாலும் வளையம் அங்கேயே நிற்கும். ஓட்டி முடித்துப் பார்த்தால், இன்று மிக அதிகமாக எவ்வளவு தாங்கியது என்று தெரிந்துவிடும். கணக்குப் புத்தகம்போல, பொய் சொல்லாது. நம் மகன் ஒருநாள் நம்முடைய சைக்கிளை ஓட்டிவிட்டு வந்து அந்த வளையத்தைக் காட்டினான். 160-இல் பாதிகூட எட்டவில்லை. "அத்தா, மீதிப் பாதியை நீங்க சும்மா சுமந்துகிட்டுப் போறீங்க" என்றான்.

இதற்கு ஓட்டுகிறவர்கள் வைத்திருக்கும் விதி நல்ல விதி. நீ வழக்கமாகப் போகும் பாதையில், ஒரு நாளில் ஓரிரு முறை, மிகப் பெரிய அடியின்போது தாங்கி முழுவதும் அமுங்கினால் அளவு சரி. ஒருமுறையும் எட்டவில்லையானால் மீதி வீண் சுமை. அடிக்கடி அடிமட்டத்தில் இடித்தால் உனக்கு அது போதவில்லை. பாதைதான் அளவைச் சொல்கிறது. பக்கத்துக் கடைக்காரரின் சைக்கிளும் சொல்வதில்லை, நம் பயமும் சொல்வதில்லை. நம் தகப்பனாருடைய ஆறு மாத வாடகை 1985-இல் முழுவதும் அமுங்கிற்று, பிறகு எழுந்தது. ஆகவே அது சரியான அளவு.

மகனைப் பற்றிச் சொன்னோம். இனிச் சொல்லப்போவது நமக்குச் சொல்லக் கூச்சமான விஷயம். ஆனால் இதற்காகவே எழுத உட்கார்ந்தோம்.

2022-இல் மூத்தவனுக்கு ஒரு சிறு கிளைக் கடை வைத்துக் கொடுத்தோம். மசாலாச் சாமான்களும் உலர் பழங்களும். பையன் சூட்டிகை, ஆனால் அனுபவமில்லை. முதல் மாதம் நட்டம். இளம்பிள்ளை மனம் ஒடிந்துவிடுமே என்று, அவனுக்குத் தெரியாமல் பெரிய கடையிலிருந்து பணம் எடுத்துக் குறையை நிரப்பினோம். மொத்த வியாபாரியிடம் பேசி அவன் பில்லை நம் கணக்கில் போடச் சொன்னோம். இரண்டாம் மாதமும் அப்படியே. இப்படிப் பதினொரு மாதம். அவன் கல்லாவில் எப்போதும் காசு இருந்தது. கடை நன்றாக நடக்கிறது என்று நம்பினான். இன்னொரு ஆளையும் வேலைக்கு வைத்தான். விற்காத சரக்கையே மறுபடி மறுபடி வாங்கினான். பன்னிரண்டாம் மாதம் நம்மால் முடியாமல் உண்மையைச் சொல்லிக் கடையை மூடினோம்.

கோபிப்பான் என்று எதிர்பார்த்தோம். கோபிக்கவில்லை. வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னான்:

"அத்தா, நட்டமுன்னு முதல் மாசமே எனக்குத் தெரிஞ்சிருந்தா சரக்கை மாத்தியிருப்பேன். இடத்தை மாத்தியிருப்பேன். ஒரு வருஷம் கடை நடத்தியும் எனக்கு ஒண்ணுமே தெரியாமப் போச்சே. நீங்க எனக்குத் தெரியவே விடல."

அன்று இரவு நமக்கு உறக்கம் வரவில்லை. நாம் செய்தது அன்பு என்று நினைத்திருந்தோம். பள்ளத்தில் விழாமல் காப்பதும், பள்ளம் இருப்பதே தெரியாமல் மறைப்பதும் ஒன்றல்ல. முதலாவது தாங்குதல். இரண்டாவது அவன் கண்ணைக் கட்டி ஓட்டவிட்டது. பால் தோம்போடு இறங்கிய பெரியவருக்குப் பாதை தெரிந்தது, அவருக்குத் தாங்கியில்லை. நம் மகனுக்குத் தாங்கி இருந்தது, பாதை தெரியவில்லை. இரண்டு பேருக்கும் அநியாயம் நடந்திருக்கிறது. ஒருவருக்கு அதைச் செய்தது காலம். மற்றவனுக்குச் செய்தவர் நாம்.

முன்பு நினைவில் வைக்கச் சொன்னதற்கு இப்போது வருவோம். மற்ற அங்கங்கள் சீரானால் குறைந்த தாங்கியே போதும் என்றோம். பிள்ளைக்குக் கணக்குக் கற்றுக்கொடுத்து, சரக்கைத் தொட்டுப் பார்த்து வாங்கப் பழக்கி, வாடிக்கையாளர் முகம் பார்த்துப் பேசக் கற்பித்திருந்தால், அவனுக்குப் பின்னால் இவ்வளவு பணம் அடுக்கியிருக்க வேண்டியதில்லை. கற்றுக்கொடுக்க நேரம் வேண்டும். பணம் கொடுக்க ஒரு கையெழுத்துப் போதும். நாம் சுலபமானதைச் செய்தோம். நம்மவரில் பலரும் இப்படித்தான் செய்கிறோம் என்று அஞ்சுகிறோம்.

இப்போது அவன் மறுபடி கடை வைக்க விரும்புகிறான். ஈப்போவின் புதிய பகுதியான மேரு ராயாவில் இடம் பார்த்திருக்கிறான். இந்த முறை அவனே மூடிய கடையின் கணக்கை எடுத்துப் பதினொரு மாதத்தையும் வரிவரியாகப் பார்த்தான். எந்த மாதம் எவ்வளவு குறைந்தது, அதில் எவ்வளவு தன் பிழை, எவ்வளவு ஊர் நிலை என்று பிரித்தான். பிறகு வந்து, "மூணு மாச வாடகைக்கு மட்டும் நீங்க பின்னால நில்லுங்க அத்தா. அதுக்கு மேல வேண்டாம். ஆனா மாசா மாசம் கணக்கை நாம ரெண்டு பேரும் சேர்ந்து பார்க்கணும்" என்றான். அவனுடைய ரப்பர் வளையம் அங்கே நின்றிருக்கிறது. நம் மனம் ஆறு மாதம், ஒரு வருஷம் என்று துடிக்கிறது. அவன் தாயார் நம்மைவிட அதிகம் துடிக்கிறார். ஆயினும் மூன்று மாதத்துக்கு ஒப்புக்கொண்டோம். போதாமல் போனால் இருவரும் சேர்ந்து அறிவோம். அப்போது அளவைக் கூட்டுவதில் வெட்கமில்லை.

பெரிய சைக்கிளை வாங்கியதில் பாதி விலைக்குக் கிளேடாங்கில் ஓட்டும் ஒரு வாலிபருக்குக் கொடுத்துவிட்டோம். அவருக்கு அது பொருத்தம். நமக்கு முன்தாங்கி மட்டுமுள்ள, 100 மில்லிமீட்டர், பழைய அலுமினியச் சைக்கிள் ஒன்று கிடைத்தது. சென்ற ஞாயிறு பழைய ரப்பர்ப் பாதையில் மகனோடு போனோம். வேர்கள் கையில் தெரிந்தன. ஓர் ஓடையில் தாங்கி அடிமட்டம் வரை போய்ப் பல் கிட்டியது. வீட்டுக்கு வந்து பார்த்தால் வளையம் உச்சியில் நின்றது. கை வலித்தது, விழவில்லை.

சகோதரர்களே! உங்கள் கடைக்கும் உங்கள் பிள்ளைக்கும் எந்த அளவு என்று நாம் சொல்ல முடியாது. உங்கள் பாதை வேறு. ஆனால் ஒன்று கேட்கிறோம். இன்றிரவு கணக்கை மூடுமுன், நீங்கள் சேர்த்து வைத்திருக்கும் தாங்கலில் சென்ற பத்து வருஷத்தில் உண்மையில் எவ்வளவு அமுங்கிற்று என்று ஒருமுறை பாருங்கள். எட்டாத பாதி இருந்தால், தாங்கியே இல்லாமல் இறங்குகிறவர்கள் இன்றும் நம் ஊரில் இருக்கிறார்கள் என்பதையும் சற்று எண்ணிப் பாருங்கள்.

வஸ்ஸலாம்.